ஆறாம் எண் படத்தில் ஒரு மரக்கட்டை

சோம்பா,
ஜூலை மாதம்.

அன்பு மகள் தமாண்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, தின்றது செரித்து, ஒருவரோடொருவர் சண்டை போடும் தெம்போடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை லுசுங்குவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம், சண்டையைத் தவிர. இங்கே மலையிலிருந்து சிப்பெரோனிக் குளிர்மூட்டம் இறங்கிவிட்டது, விடிந்தால் தூறல், பொழுது சாய்ந்தால் மூட்டம், துவைத்த துணி காயாமல் அடுப்படியில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், உன் அப்பாவின் கால்சட்டைகளுக்கு அடியில் குனிந்துதான் ந்சிமாக் களி கிண்டுகிறேன். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நான் வறுத்து வைத்த நிலக்கடலையை மட்டும் எப்படியோ தீர்த்துவிடுகிறார். பின்பக்க ஆரஞ்சு மரம் இந்த வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

போனில் தட்டாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் அனுப்பினால் லுசுங்கு உன் தோளுக்கு மேலே எட்டிப் படிப்பான், படித்ததைத் தன் அம்மாவிடம் சொல்வான். இது நீ மட்டும் படிக்க வேண்டியது, படித்ததும் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டு மூடு. விஷயம் இதுதான், எனக்கு உன் மாமியார்மேல் பொறாமை. ஜெபத்தில்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன், போகவில்லை. நீ கடல் தாண்டி டண்டீயில் இருந்துகொண்டே போனில் நம் சோம்பா புகைப்படக் குழுவில் இருக்கிறாய், நடந்தது பாதி உனக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்து என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

சம்பந்தி லொசாரியா வடக்கேயிருந்து தன் தம்பி வீட்டோடு இருக்க இங்கே வந்தபோது, பாவம் ஊர் தெரியாதவள், பொழுது போகாமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே என்று குழுவில் அவளைச் சேர்த்துவிட்டவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மலை, அருவி, பறவை என்று எத்தனை வருஷமாக அலைகிறேன், ஊரைவிட்டுப் போன டீச்சர் ஒருத்தியிடம் வாங்கின கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முள்ளில் கீறல் பட்டு, சேற்றில் வழுக்கி எடுக்கிறேன். அவள் கையில் இருப்பது உன் புருஷன் வாங்கி அனுப்பின போன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பாதி கடித்த மந்தாசிப் பணியாரம், அப்படித்தான் அவள் படம் எடுப்பது. அவள் படத்தில் தொடுவானம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஏரித் தண்ணீர் பக்கத்து மாவட்டத்தில் கொட்டிவிடுமோ என்று பார்க்கிறவர்களுக்குப் பதைக்கும். ஆனால் நீ என்ன எழுதுகிறாய்? மழையில் நனைந்த மரவள்ளித் தோட்டத்தை அவள் போட்டாள், நீ "அத்தை, ஜன்னலோரம் உட்கார்ந்து இதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன், இங்க வரைக்கும் மண்வாசனை அடிக்குது" என்று எழுதி, கூடவே சிவப்பாக ஒரு இதயமும் போட்டாய். அதே வாரம் முலாஞ்சே மலைமேல் மேகம் பிரிந்து உச்சி தெரிந்த கணத்தை நான் பிடித்துப் போட்டேன். எனக்கு வந்தது ஒரு பெருவிரல். எழுத்துகூட இல்லை, வெறும் பெருவிரல் பொம்மை.

மாமியாரை மெச்சிக்கொள்ளத்தானே வேண்டும், பிள்ளை என்ன செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அவர்கள் வடக்கத்திக்காரர்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணப் பேச்சிலேயே லொசாரியா "எங்க வழக்கப்படி இனிமே அவ எங்க வீட்டுப் பொண்ணு சம்பந்தி, நீங்க வேணும்னா விருந்துக்கு வந்து பாத்துட்டுப் போங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் அவள் ஊரிலும் இல்லை, என் ஊரிலும் இல்லை, அது வேறு. ஆனால் பெண்ணைத்தானே கொடுத்தேன், பெண்ணின் கண்ணையுமா சேர்த்துக் கொடுத்தேன் என்று உன் ஒவ்வொரு இதயத்தைப் பார்க்கும்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் பெயரில்லா வாரத்துக்காகக் காத்திருந்தேன். மாதத்தில் அந்த ஒரு வாரம் எல்லாரும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற கபாசுலேயிடம்தான் படத்தை அனுப்ப வேண்டும், அவர் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் குழுவில் வைப்பார், 'சூப்பர்' 'அருமை' என்று எழுதித் தப்பிக்க முடியாது, கண்ணில் பட்டது என்ன, உறுத்தியது என்ன என்று எழுதி, கடைசியில் மனதுக்குப் பிடித்த ஒரே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் ஆபீசில் டீ குடிக்கும்போதுதான் எது யாருடையது என்று உடைப்பார். "பேரு தெரிஞ்சா எல்லாரும் பூசி மெழுகுறீங்க, பேரை எடுத்துட்டாத்தான் உங்க வாயிலருந்து உண்மை வருது" என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அங்கே மாமியார் மருமகள் முகதாட்சண்யம் நடக்காது. உன் மனது யார் படத்தில் போய் நிற்கிறது என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்துக்கென்றே மினிபஸ் பேசி எல்லாருமாகச் சில்வா ஏரிக்குப் போனோம். குளிர் எலும்பில் குத்தியது. லொசாரியா முழங்கால் வலி என்று கரைமேட்டில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நான் கோரைப்புல் ஓரமாகச் சேற்றில் இறங்கினேன். மீன்காரர்கள் நட்ட கழி ஒன்றின்மேல் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அது பறக்கும், வரும், மறுபடி பறக்கும். நான் குத்துக்காலிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு, கால் மரத்துப்போகும்வரை கிடந்து, கடைசியில் அலகில் மீனோடு அது தலையைத் திருப்பின கணத்தைப் பிடித்தேன். பறவையின் கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம், மீன் வாலில் தொங்குகிற ஒரு சொட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை, இதைப் பார்த்து என் மகள் அசந்துபோவாள் என்று சேற்றிலேயே சொல்லிக்கொண்டேன். மேலே ஏறி வந்தால் சம்பந்தி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "ஒண்ணு எடுத்தேன், அது போதும்" என்றாள். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு யார் இதயம் போடுவார்கள் பார்ப்போம் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

படங்கள் வந்தன. என் மீன்கொத்திக்கு இரண்டாம் எண். ஆறாம் எண் படத்தைப் பார்த்ததுமே இது லொசாரியா என்று எனக்குத் தெரிந்துவிட்டது, தண்ணீர் வலது பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. ஈயம் மாதிரி ஏரி, மூட்டம், தூரத்தில் மரத்தோணிகள், கோரைப்புல், இடது மூலையில் பழுப்பாக ஒரு மரக்கட்டை. படத்தில் பெயர் இல்லாத தைரியத்தில் நான் என்ன எழுதினேன் என்று நீயே படித்தாய். மூட்டம் பரவாயில்லை, ஆனால் ஓரத்தில் அந்த அவலட்சணமான மரக்கட்டை கண்ணை உறுத்துகிறது, அதை வெட்டியிருந்தால் படம் தேறியிருக்கும், நானும் அதே கரையில்தான் இருந்தேன், இப்படி ஒரு கட்டையை அங்கே பார்க்கவேயில்லை, எங்கே தேடிப் பிடித்தார்களோ என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே ஒரு திருப்தி. ஆமாம் ஆமாம், கட்டை வேண்டாம் என்று இன்னும் சிலரும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் உன் எழுத்து வந்தது. என் மீன்கொத்திக்கு "பறவை துல்லியம், மீனும் தெளிவு." ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார்களே, அந்த மாதிரி. ஆறாம் எண்ணுக்கு மட்டும் "கட்டையை வெட்டினா இந்தப் படமே எனக்கு வேணாம். எனக்குப் பிடிச்சது ஆறுதான். பெரிசாப் போட்டுச் சுவத்துல மாட்டப்போறேன்" என்று எழுதியிருந்தாய். அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துபோனது எனக்குத் தெரியவேயில்லை. எடுத்தது யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, தெரியாமலே அதன் மனசு அவளிடம் போய்விட்டதே, இனி நான் என்ன படம் எடுத்து என்ன என்று உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா தீய்ந்த பீன்ஸை வாயில் வைத்துவிட்டு, "பல்லு புடுங்கினவனுக்கு இதாடி பத்தியம்?" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போகாவிட்டால் தோற்றவள் ஓடிவிட்டாள் என்பார்கள் என்று போனேன். உன் அப்பாவும் மந்தாசிக்காகக் கூடவே வந்தார். கபாசுலே வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்குச் சாலைக் குறிகளைக் காட்டுகிற பெட்டியை வைத்துச் சுவரில் படங்களைப் பெரிதாக விழவைத்தார். என் மீன்கொத்திக்கு நல்ல கைதட்டல், நான் மறுக்கவில்லை. பிறகு ஆறாம் எண் வந்தது. எடுத்தவர் லொசாரியா அம்மா என்றார், நான் எதிர்பார்த்ததுதான். அதோடு விட்டாரா? கையிலிருந்த குச்சியால் மூலையைத் தட்டி, "இந்த மரக்கட்டைய ஏம்மா விட்டு வச்சீங்க? டோரிக்கா அம்மா ரொம்ப மனசு நொந்துபோயிருக்காங்க" என்று என்னைக் காட்டினார். லொசாரியா மந்தாசியை விழுங்கிவிட்டு, எந்தக் கட்டை என்று நிஜமாகவே புரியாமல் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "ஐயோ, அது கட்டை இல்லீங்க, அது எங்க சம்பந்தி!" என்றாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சுவரளவு பெரிதாக இருந்ததால் இப்போது எனக்கும் தெரிந்தது. குளிருக்குத் தலையோடு போர்த்தியிருந்த என் பழுப்பு சித்தெஞ்சே துணி, அதற்குள்ளே குத்துக்காலிட்ட நான், அகலமாக, அசையாமல். கூடத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது பார், கபாசுலேவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "வெட்டச் சொன்னது நீங்கதானேம்மா, எழுத்துல இருக்கே!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது உன் அப்பா, பல் பிடுங்கின ஓட்டை தெரியச் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயரே மாறிவிட்டது, "ஏ மரக்கட்டை, டீ கொண்டா" என்கிறார். இந்த மனிதரோடு நான் எப்படிக் காலம் தள்ளுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

கோபத்தில் கொஞ்ச நாள் போனையே தொடவில்லை. பிறகு ஒரு நாள், உன் அப்பா வெளியே போன நேரத்தில், அந்தப் படத்தை எடுத்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு செருப்பு சேற்றில் பாதி புதைந்திருக்கிறது. ஒரு கை துணியைப் பிடித்திருக்கிறது. என் முதுகை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? தோள் இறங்கிவிட்டது, தமாண்டா, நான் இவ்வளவு கிழவியாகிவிட்டேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குழுவில் அத்தனை பேர் பார்த்து மரக்கட்டை என்றார்கள், கூடவே வாழ்கிற உன் அப்பா மரக்கட்டை என்றார், நானே என்னை மரக்கட்டை என்றேன். கடல் தாண்டி உள்ளங்கையளவு திரையில் பார்த்த நீ மட்டும் என் அம்மா என்று கண்டுகொண்டிருக்கிறாய், கண்டுகொண்டும் என் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இருக்கும்போது, இதை உனக்குக் காட்டினவள் அவளல்லவா என்று நினைப்பு வந்தது. உடனே பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

முந்தாநாள் அவளே தூறலில் நொண்டிக்கொண்டு வந்தாள், கையில் மரவள்ளி மாவு. "கோவமா சம்பந்தி?" என்று கேட்டாள். "மரக்கட்டைக்கு ஏது கோவம்?" என்றேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் அடக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய ஏரி இருக்க என்னை ஏன் எடுத்தீர்கள், அதுவும் முதுகை என்று கேட்டேன். "மூஞ்சிய நீங்க எங்க காட்டுறீங்க, கேமராவுக்குப் பின்னாலதானே வச்சிருக்கீங்க. தண்ணியும் புல்லும் அந்த ஊர்லயும் கெடக்கு சம்பந்தி. அம்மாதான் அங்க இல்ல. பாத்தா பிள்ளைக்கு ஆறுமேன்னு எடுத்தேன்" என்றாள். சாதாரணமாக, மாவைக் கொட்டிக்கொண்டே சொன்னாள். எனக்கு இது ஏன் தோன்றவில்லை? உனக்கென்று எத்தனை மேகம், எத்தனை பறவை பிடித்து அனுப்பியிருக்கிறேன், உன்னை நினைப்பதிலும் அவள் என்னை முந்திக்கொண்டாளே என்று உள்ளுக்குள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நல்லவளாக இருக்கிறவள்மேல் பொறாமைப்படுவது ரொம்பக் கஷ்டம். அவள் கிண்டின மரவள்ளிக் களியை, பொடிமீன் குழம்போடு, நான் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

அவள் போன பிறகு, நீ அங்கே போனதிலிருந்து குழுவில் போட்ட படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆற்றின்மேல் நீளப் பாலம், பனி மூடின குன்று, மேய்கிற ஆடுகள், பாறைமேல் கடல்பறவைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான் எழுதியிருக்கிறேன், வெளிச்சம் போதவில்லை, பாலத்தை இன்னும் இடது பக்கம் தள்ளியிருக்கலாம் என்று. இந்தத் தடவை நான் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, உன்னைத் தேடினேன். எதிலும் நீ இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும், ரயில் ஜன்னல் கண்ணாடியில் போன் பிடித்த கை ஒன்று மங்கலாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது உன் கையா, உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தியின் கையா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை, மகளே. நீ என் முதுகை அடையாளம் சொன்னாய், என்னால் உன் கையைச் சொல்ல முடியவில்லை. லொசாரியாவைப் பார்த்து நான் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இப்போது உன்னைத் தினமும் பார்க்கிற அத்தனை பேர்மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் நீ மாத்திரை கொடுக்கிற நோயாளிகள்மேல், காலையில் உனக்காகக் கதவைத் திறக்கிற பஸ் டிரைவர்மேல்.

காலுக்குக் கம்பளி உறை போடாமல் வெளியே போகாதே. லுசுங்குவோடு சண்டை வந்தால் அன்றைக்கே தீர்த்துக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையும் காலும் நோகாமல் இருக்கட்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதிலும் உனக்குக் கொஞ்சம் சேரட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. இனிமேல் எங்கே போனாலும், பாலமோ பனியோ எதுவானாலும், போனை யாரிடமாவது கொடுத்து உன்னையும் சேர்த்து எடுக்கச் சொல். சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, மங்கினாலும் பரவாயில்லை. கூட்டத்துக்கு நடுவே, எல்லாரும் கோட்டு போட்டுத் தொப்பி மாட்டிக்கொண்டு ஒரே மாதிரி தெரிகிற இடத்தில், முதுகைத் திருப்பிக்கொண்டு நில். கபாசுலேயிடம் கொடுத்து வெறும் எண்ணோடு வைக்கச் சொல், நீ எங்கே நிற்கிறாய் என்று லொசாரியாவுக்கு முன்னால் நான் சொல்கிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
டோரிக்கா.